பழைய பிக்கப்பில் ஏர் கிளீனர் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

கலிஃபோர்னியாவில் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

என்னுடையது 1978 செவ்ரலே சி10. 350 வி8 என்ஜின், குவாட்ராஜெட் என்ற வகைக் கார்புரேட்டர். ஆகஸ்ட் கடைசியில் ஃபில்டர் மாற்றத்தான் ஃப்ரெஸ்னோவில் ஒரு கடையில் விட்டேன். கடைக்காரர் ஃபில்டர் இருக்கும் பழைய தகர டப்பாவைத் தட்டிக் காட்டி, "இது என்ஜினை மூச்சு விடவே விடாது. சுற்றிலும் திறந்த குரோம் கிளீனர் போடுங்கள், பவர் ஏறும். ஸ்மாக் டெஸ்ட்டிலும் (மாநிலத்தின் புகைச் சோதனை) பிரச்சினை வராது" என்றார். நம்பினேன். கூலியோடு 160 டாலர்.

டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கின் அடர்ந்த டூலி மூடுபனி இறங்கியது. விடியற்காலை, 99-ஆம் நெடுஞ்சாலையில் செல்மாவைத் தாண்டி வருகிறேன், பக்கத்தில் மகள். திடீரென்று இழுவை இல்லை. இரண்டு முறை திணறி என்ஜின் நின்றுவிட்டது. பின்னால் பெரிய லாரி வருகிற சத்தம் கேட்கிறது, விளக்கு தெரியவில்லை. இருந்த வேகத்திலேயே எப்படியோ ஓரங்கட்டினேன். அன்றைக்கு நடுங்கிய நடுக்கம் இன்னும் போகவில்லை. பத்து நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

அதே கடைக்குப் போனேன். ஃப்யூயல் பம்ப் போய்விட்டது என்று சொல்லி மாற்றி, 210 டாலர் வாங்கினார்கள். அடுத்த வாரமே திரும்பவும் நின்றது.

பக்கத்தில் பாதாம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். பானெட்டைத் திறந்ததுமே, "அந்தத் தும்பிக்கை எங்கே?" என்று கேட்டார். பழைய டப்பாவில் நீண்டிருந்த மூக்கைத்தான் சொல்கிறார். அதற்கு அடியில் ஒரு ஃபாயில் குழாய், என்ஜின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றியுள்ள சூடான காற்றைக் கொண்டுவரும். குளிரில் வாக்குவத்தால் (என்ஜின் உறிஞ்சும் இழுப்பு) ஒரு கதவு திறந்து அந்தக் காற்றை உள்ளே விடும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் சில்லிட்டுப்போகும். நாலைந்து டிகிரி செல்சியஸில் வரும் ஈரக் காற்று என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டிலேயே பனிக்கட்டியாகப் படியும். என்ஜின் நின்ற பிறகு அதன் சூட்டிலேயே உருகிவிடும். அதனால்தான் கடைக்கு ஓட்டிப் போனால் ஒரு கோளாறும் தெரியவில்லை. என் வண்டியில் அந்தக் கதவுக்குப் போகும் வாக்குவம் ஹோஸின் வாயில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்திருந்தார்கள்.

அப்புறம் ஏர் கிளீனர் மூடியைப் பிடித்திருக்கும் விங் நட்டைக் கழற்றினோம். கையால் வரவில்லை, அவ்வளவு இறுக்கம். குவாட்ராஜெட்டில் இப்படி இறுக்கினால் கார்புரேட்டரின் மேல்மூடியே வளைந்துவிடும். எதற்கு இறுக்கினார்கள் என்பது குரோம் கிளீனரின் அடித்தட்டைப் பார்த்ததும் புரிந்தது. பானெட்டில் இடிக்காமல் இருக்க, நடுவில் பள்ளமான தட்டு போட்டிருந்தார்கள். அது ஒரு பக்கம் சோக் லிங்கேஜ் (சோக்கை அசைக்கும் கம்பிகள்) மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் ஒரு குவார்ட்டர் நாணயம் தாராளமாக நுழையும் இடைவெளி. அந்த இடத்தில் கார்புரேட்டரின் கழுத்துக்கு உள்ளே விரலை வைத்துத் தேய்த்தேன். பழுப்பு நிறத்தில் மாவு போன்ற புழுதி. பாதாம் அறுவடைக் காலம் முழுக்க, மரத்தை உலுக்கிக் கிளப்பிய தூசியை ஃபில்டர் இல்லாமல் என்ஜின் குடித்திருக்கிறது. வால்வ் கவரிலிருந்து பழைய டப்பாவுக்குப் போன ஹோஸும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியாக ஆயிலுக்குள்ளும் தூசி.

ஜனவரியில் ஸ்மாக் டெஸ்ட். புகை அளவு சரியாக இருந்தும் ஃபெயில். 1975 வரையான பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் இங்கே டெஸ்ட் கிடையாது. 1976 மாடலிலிருந்து பானெட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார்கள். கம்பெனி வைத்த சூடான காற்று ஏற்பாடு இருக்க வேண்டும், மாற்றுப் பாகத்துக்குக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். என் குரோம் தட்டில் எந்த எண்ணும் இல்லை.

பழைய டப்பாவைக் கேட்டால், "அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டோம்" என்கிறார்கள். ஒர்க் ஆர்டரில் கையெழுத்துப் போடும்போதே, பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். அப்போதே கேட்டால், எக்ஸ்சேஞ்ச் பாகங்கள் போன்ற சில தவிர, திருப்பித் தர வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. நான் கேட்கவில்லை. மாட்டுவதற்கு முன் அந்த அனுமதி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு ஃபில்டர் மூடியின்மேல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்து, பானெட்டை மெல்ல மூடித் திறந்து பாருங்கள். மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதிலேயே மூடிக்கும் பானெட்டுக்கும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும். அடித்தட்டு கழுத்தைச் சுற்றிச் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து நீங்களே பாருங்கள்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பழைய பாகக் கடையில் தும்பிக்கையோடு அசல் டப்பா கிடைத்தது, 90 டாலர். ஃபாயில் குழாயும் கேஸ்கெட்டும் புதிது. இரண்டாவது டெஸ்ட்டில் பாஸ். மாநில வாகனப் பழுதுபார்ப்புத் துறையில் புகார் கொடுத்த பிறகு பம்ப் பணம் மட்டும் திரும்ப வந்தது. உள்ளே போன புழுதி சிலிண்டரை எவ்வளவு தேய்த்திருக்கிறது என்று பார்க்க, அடுத்த மாதம் கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்கு வண்டியை வேறு இடத்தில் விடப் போகிறேன்.