100 வோல்ட் சீலிங் ஸ்பீக்கர்: கிரிலுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்

ஃபால்ஸ் சீலிங் போட்ட கடை, உணவகம், அலுவலகம், மருத்துவமனை வராந்தா போன்ற இடங்களில் அறிவிப்பும் மெல்லிய இசையும் எல்லா மூலையிலும் ஒரே அளவில் கேட்க வேண்டுமா? முதலில் பார்க்க வேண்டியது 100 வோல்ட் லைனில் ஓடும் சீலிங் ஸ்பீக்கர். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வோல்டேஜை ஏற்றி ஒரே லைனில் அனுப்பும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்ளும், அதுதான் இந்த முறை. இங்கே மதிப்பிடுவது 6.5 அங்குல கோஆக்சியல் வகையை. நடுவில் ட்வீட்டர், முதுகில் உலோக டப்பா, அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பல கம்பெனிகள் இதைச் செய்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தரத்தைப் பிரிப்பது கிரிலுக்குப் பின்னால் இருக்கும் சமாச்சாரங்கள்தான்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூரை உயரம் 2.7 முதல் 4 மீட்டர் வரை, தேவை பேச்சும் பின்னணி இசையும் என்றால் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. தாராளமாக வாங்கலாம். ஆனால் "சத்தம் தெளிவாக இல்லை", "ஆம்ப் அடிக்கடி கட் ஆகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ஸ்பீக்கர் கோனால் வருவதில்லை. மலிவான டிரான்ஸ்ஃபார்மர், தப்பான டேப் (ஸ்பீக்கர் லைனிலிருந்து எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்று டிரான்ஸ்ஃபார்மரில் தேர்ந்தெடுக்கும் இணைப்பு), அளக்காமல் போட்ட இடைவெளி, இந்த மூன்றும்தான் காரணம்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பது அங்கேதான். இரும்புக் கோர் சின்னதாக இருந்தால் தாழ்ந்த அதிர்வெண்ணில் அது நிறைந்துபோகும். வோல்டேஜ் அப்படியே இருக்க அதிர்வெண் பாதியானால் கோர் தாங்க வேண்டிய காந்தப் பாயம் இரட்டிப்பாகும். நிறைந்துபோன கோர் லைனுக்குக் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரித் தெரியும். கரண்ட் எகிறும், ஆம்பின் பாதுகாப்புச் சுற்று கட் செய்யும். மெல்லிய இசையில் ஒன்றும் தெரியாது. சத்தம் ஏற்றியதும், அதுவும் பேஸ் அதிகமுள்ள பாட்டில், பிரச்சினை வெளியே வரும். இம்பிடன்ஸ் (ஏ.சி. சிக்னலுக்கு லைன் காட்டும் தடை) மீட்டரை வைத்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் அந்த மீட்டர் மிகக் குறைந்த வோல்டேஜில் சோதிக்கிறது.

மொத்தமாக ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு சாம்பிளை வாங்கி இப்படிச் சோதியுங்கள். ஸ்பீக்கரை 10 வாட் டேப்பில் வையுங்கள். ஆம்ப் வெளியீட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். ஆம்பிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோனை 100 வோல்ட்டுக்கு ஏற்றினால் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 1 வோல்ட் காட்ட வேண்டும், அதாவது 0.1 ஆம்பியர். இப்போது அதே 100 வோல்ட்டில் அதிர்வெண்ணை 100, 80, 60 ஹெர்ட்ஸ் என்று இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் சில வினாடிகள் போதும், காதையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 80 ஹெர்ட்ஸிலும் 1 வோல்ட் பக்கத்திலேயே நின்றால் நல்ல கோர். அங்கேயே 3, 4 வோல்ட்டுக்குத் தாவினால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது என்றால் ஆம்புக்கு முன்னால் ஹை-பாஸ் ஃபில்டர் (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை வெட்டுவது) ஒன்றை 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வைத்தே ஆக வேண்டும். நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்கும் 60 முதல் 80 ஹெர்ட்ஸில் ஒரு ஃபில்டர் வைப்பதுதான் முறை. சீலிங்கில் இருக்கும் 6.5 அங்குலக் கோன் அதற்குக் கீழே உருப்படியாக எதையும் தரப்போவதில்லை.

அடுத்தது டேப். 100 வோல்ட் லைனில் கணக்கு சுலபம். 10,000-ஐ வாட்டால் வகுத்தால் ஓம். 10 வாட் டேப் 1,000 ஓம், 30 வாட் டேப் 333 ஓம். டேப்புகளின் கூட்டுத்தொகை ஆம்பின் வாட்டில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆம்பை 70 வோல்ட் முனையில் இணைத்தால் அதே டேப்பில் பாதி வாட்தான் கிடைக்கும். 30 என்று போட்டிருப்பது 15 ஆகிவிடும். சில மாடல்களில் ஒரு டேப்புக்குப் பக்கத்தில் 70 வோல்ட்டுக்கு மட்டும் என்று குறித்திருக்கும். அதை 100 வோல்ட்டில் இணைக்கவே கூடாது.

இந்த வகை ஸ்பீக்கரில் எங்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்பு உண்டு. கிரிலைக் கழற்றினால் முன்பக்கத்திலேயே, கோனுக்கு ஓரமாக, தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் சுழல் சுவிட்ச் ஒன்று தெரியும். 30, 15, 7.5 என்று டேப்புகள் வரிசையாக வந்து, அதே சுவிட்சின் கடைசி நிலை 8 அல்லது 16 ஓம் என்று முடியும். அந்த நிலையில் டிரான்ஸ்ஃபார்மர் விலகி, டிரைவர், அதாவது சத்தம் எழுப்பும் கோனும் காயிலும், நேராக லைனில் உட்காரும். ஏணிமேல் நின்று, மங்கிய வெளிச்சத்தில், ஒரு சொடுக்கு அதிகமாகத் திருப்பிவிட்டால் போதும். 16 ஓம் ஸ்பீக்கர் 100 வோல்ட்டில் 625 வாட் கேட்கும். அந்த ஒன்றால் முழு லைனும் படுத்துவிடும், டிரைவரும் கருகலாம். நேரடி நிலையைத் தனி ஜம்பராகவோ, பின்பக்கம் மறைவாகவோ வைத்திருக்கும் மாடல் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

இப்படி ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொரு கிரிலாகக் கழற்ற வேண்டாம். ஆம்பை அணைத்து லைனைப் பிரித்து, 1 கிலோஹெர்ட்ஸில் இம்பிடன்ஸ் அளக்கவும். 15 ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 6 வாட் என்றால் மொத்தம் 90 வாட்; மீட்டர் 111 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 14 ஓம் காட்டினால் ஒன்று நேரடி நிலையில் இருக்கிறது. லைனை நடுவில் பிரித்து இரு பாதியையும் அளங்கள். குறைவாகக் காட்டும் பாதியை மறுபடி பிரியுங்கள். நாலு அளவில் ஆள் அகப்படும். சாதாரண மல்ட்டிமீட்டரின் ஓம் நிலை இதற்கு உதவாது, அது டி.சி.யில் அளப்பதால் காயில் ஒயரின் தடையை மட்டும் காட்டி உங்களைக் குழப்பும்.

ஒயர் விஷயத்தில் 100 வோல்ட் முறையின் பெருமை கண்கூடு. 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரை 100 மீட்டருக்கு இழுத்தால் போக வர 2.4 ஓம். 111 ஓம் லோடுக்கு இழப்பு 0.2 டெசிபல், காதுக்கே தெரியாது. அதே ஒயரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை நேராக ஓட்டினால் 2.3 டெசிபல் போய்விடும். ஸ்பீக்கரிலிருந்து ஸ்பீக்கருக்கு லூப்பாகப் போகலாம். ஆனால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்களில் பிளஸ், மைனஸ் எதிரெதிராக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குப் பேச்சு குடைந்துவிட்டதுபோல் கேட்கும். டெர்மினலில் உள்ளே, வெளியே என்று இரண்டு ஜோடி இருப்பதும், ப்ளக்கை உருவினாலும் அடுத்ததற்குப் போகும் லைன் அறாமல் இருப்பதும் நல்ல மாடலின் அடையாளம். ஒயரைத் தொடுவதற்கு முன் ஆம்பை அணையுங்கள். லைனில் 100 வோல்ட் ஆர்.எம்.எஸ். என்றால் உச்சம் 141 வோல்ட், ஷாக் அடிக்கும்.

இனி இடைவெளி. எத்தனை ஸ்பீக்கர் என்பதை "ஹாலுக்கு எட்டு போதும்" என்று கண்ணால் முடிவு செய்வதுதான் இந்தத் தொழிலின் பெரிய நோய். கூரை உயரத்திலிருந்து காது உயரத்தைக் கழியுங்கள். 110 டிகிரி பரவல் உள்ள ஸ்பீக்கருக்கு அந்த வித்தியாசத்தை 2.86-ஆல் பெருக்கினால் காது மட்டத்தில் விழும் வட்டத்தின் விட்டம் வரும். 90 டிகிரி என்றால் 2-ஆல் பெருக்கினால் போதும். சதுரக் கட்டத்தில் விட்டத்தின் 0.7 மடங்கு இடைவெளி வைத்தால் வட்டங்களுக்கு நடுவே ஓட்டை விழாது. சுவரிலிருந்து முதல் ஸ்பீக்கர் அதில் பாதி தூரத்தில்.

18 மீட்டருக்கு 10.8 மீட்டர் ஹால், கூரை 3 மீட்டர், ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். காது உயரம் 1.2, வித்தியாசம் 1.8, வட்டம் 5.1 மீட்டர், இடைவெளி 3.6 மீட்டர். ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று, ஆக 15 ஸ்பீக்கர். அதே ஹால், ஆட்கள் நின்று நடமாடும் கடை என்றால்? காது உயரம் 1.6, வட்டம் 4 மீட்டராகச் சுருங்கும். 3 மீட்டருக்கு 2.7 மீட்டர் கட்டம், 24 ஸ்பீக்கர் வேண்டும். கட்டிடம் ஒன்றுதான், உட்காருவதும் நிற்பதும்தான் வித்தியாசம். எண்ணிக்கை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. கேட்லாக்கில் போட்டிருக்கும் 110 டிகிரி பல அதிர்வெண்களின் சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் முக்கியம். 4 கிலோஹெர்ட்ஸில் பரவல் எவ்வளவு என்ற வரைபடத்தைத் தராத கம்பெனியின் கோணத்தை 90 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டேப் எத்தனை வாட் என்பதும் கணக்கில்தான் வரும். 1 வாட், 1 மீட்டரில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கரை 6 வாட்டில் வைத்தால் கூடுதல் 7.8. தூரம் 1.8 மீட்டருக்குக் கழிவு 5.1. டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு 1 என்று வைத்தால் காதில் சுமார் 90. இடத்தின் இரைச்சல் 65 டெசிபல் என்றால் அறிவிப்பு அதைவிட 12 கூடுதலாக 77-இல் நிற்க வேண்டும். பேச்சின் உச்சங்களுக்கு மேலும் 10, அதாவது 87. ஆக 6 வாட் தாராளம், 90 வாட் லோடுக்கு 120 வாட் ஆம்ப் போதும். இரைச்சல் 75 ஆகிவிட்டால் 97 வேண்டும். 6 வாட் 30 வாட்டாகும், ஆம்ப் 600 வாட்டுக்குத் தாவும். அதனால்தான் காலி ஹாலில் கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறோம். ஆள் நிறைந்த நேரத்தில் மீட்டரை வைத்து இரைச்சலை அளந்துவிட்டுத்தான் டேப்பை முடிவு செய்ய வேண்டும்.

மாட்டும் வேலை சின்னது, ஆனால் கவனம் தேவை. டப்பாவோடு சேர்த்து 20 சென்டிமீட்டர் ஆழம் தேவைப்படலாம், ஏ.சி. டக்ட் குறுக்கே வருகிறதா என்று முன்பே பாருங்கள். மினரல் ஃபைபர் டைலில் சி-வளையமும் ரெயில்களும் இல்லாமல் மாட்டினால் கொஞ்ச நாளில் டைல் தொங்கும். கிளாம்ப் ஸ்க்ரூவைப் பவர் டிரில்லில் முறுக்கினால் பிளாஸ்டிக் கால் உடையும், டைல் உதிரும், கையால் முறுக்குங்கள். மேலே கான்கிரீட் தளத்திலிருந்து ஒரு சேஃப்டி ஒயர் கட்டாயம். டப்பா இல்லாத மலிவு மாடல் வேண்டவே வேண்டாம். சத்தம் சீலிங்குக்கு மேலே உள்ள இடைவெளி வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விடும், பேஸும் இடத்துக்கு இடம் மாறும்.

சுவரில் வைக்கும் வால்யூம் கன்ட்ரோலின் வாட், அதன் கீழே வரும் டேப்புகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருக்க வேண்டும். 24 வோல்ட் ரிலே உள்ளதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்த அறையில் அவசர அறிவிப்பும் கேட்காது. மைக் வைத்துப் பேசுபவரின் தலைக்கு மேலுள்ள ஸ்பீக்கரைத் தனி ஜோனாகப் பிரித்து, மைக் பேசும்போது குறைத்துவிட்டால் ஊளைச் சத்தம் பெருமளவு நிற்கும்.

தீ விபத்தின்போது ஆட்களை வெளியேற்றும் அறிவிப்புக்கும் இதே ஸ்பீக்கர் என்றால் சாதாரண மாடல் போதாது. தீ எச்சரிக்கைக் குரல் ஸ்பீக்கர்களுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 54-24 சான்று உள்ளதைக் கேளுங்கள். பீங்கான் டெர்மினலும் வெப்பத்தில் அறுந்துபோகும் ஃபியூசும் இருந்தால், ஒரு ஸ்பீக்கர் எரிந்தாலும் லைன் ஷார்ட் ஆகாமல் மற்றவை பேசும். ஒரே இடத்துக்கு ஏ, பி என்று இரண்டு லைன் இழுத்து ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி இணைத்தால், ஒரு லைன் போனாலும் ஹால் முழுக்க ஊமையாகாது.

வாங்கக் கூடாத இடங்களும் உண்டு. 5, 6 மீட்டருக்கு மேல் கூரை, கல்லும் கண்ணாடியுமாக எதிரொலிக்கும் கூடம், பயணிகள் முனையம் போன்றவற்றில் சீலிங் ஸ்பீக்கர் எதிரொலியைத்தான் கூட்டும். அங்கே காலம் (column, தூண் வடிவ) ஸ்பீக்கரோ, தொங்கவிடும் ஸ்பீக்கரோ சரி. நடனத்துக்கு அதிரும் இசை வேண்டுமென்றால் 8 ஓம் முறையும் தனி சப்வூஃபரும்தான் வழி.

வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஒவ்வொரு லைனின் 1 கிலோஹெர்ட்ஸ் இம்பிடன்ஸ், லைனுக்கும் எர்த்துக்கும் இடையிலான இன்சுலேஷன் அளவு (ஆம்பைக் கழற்றிவிட்டு எடுத்தது), எந்த ஸ்பீக்கர் எந்த டேப்பில் என்று குறித்த கூரை வரைபடம், ஐ.இ.சி. 60268-16 முறையில் எடுத்த எஸ்.டி.ஐ. (பேச்சு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) அளவுகள். எஸ்.டி.ஐ. 0.5-க்குக் கீழே காட்டும் இடங்களைத் திருத்தச் சொல்லி, மறுபடி அளந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.