மேற்குத் தடமா, கிழக்குத் தடமா? மத்தியதரைக் கடலில் ஒரு கப்பல் ஊழியரின் கணக்கு

பயணிகள் கப்பலில் அறைப் பராமரிப்புப் பணியாளனாக, முதல் ஒப்பந்தத்தின் எட்டு மாதங்களை மேற்கு மத்தியதரைக் கடலிலும், இரண்டாவது ஒப்பந்தத்தின் ஏழு மாதங்களை கிரீஸ், அட்ரியாடிக் கரை, மால்டா ஆகியவற்றைச் சுற்றி வரும் கிழக்குத் தடத்திலும் கழித்திருக்கிறேன். எந்தக் கப்பல் என்பதை நிறுவனமே முடிவு செய்யும் என்றாலும், மூன்றாவது ஒப்பந்தத்துக்கு முன் விருப்பத்தைக் கேட்டார்கள். நான் கிழக்கு என்று எழுதினேன். அதற்கான காரணங்களே இவை.

சம்பளம் இரு தடங்களிலும் ஒன்றே. சாப்பாடும் கேபினும் கப்பலைப் பொறுத்தவை, கடலைப் பொறுத்தவை அல்ல. பெயர்களை மட்டும் அடுக்கினால் மேற்கே வெல்லும்: பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, பிளாரன்ஸுக்கு லிவோர்னோ, ரோமுக்கு சிவிதவெக்கியா, நேப்பிள்ஸ், பலேர்மோ. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது நானும் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மயங்கினேன். பயணிக்கு இந்தப் பட்டியல் போதும். ஊழியன் பார்க்க வேண்டியது வேறொன்று: கப்பலின் இறங்குபாலமான கேங்வேயில் அடையாள அட்டையைத் தேய்த்து இறங்கிய நிமிடத்திலிருந்து ஊருக்குள் கால் வைக்கும் நிமிடம் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பது.

என் வேலை காலை ஆறரைக்குத் தொடங்கிப் பகல் பன்னிரண்டரைக்கு முடியும். மாலை ஐந்தரைக்கு மறுபடியும் அறைகளுக்குள் நுழைய வேண்டும். கப்பல் ஆறு மணிக்குக் கிளம்பும் நாளில் ஊழியர்கள் ஐந்து மணிக்குள் திரும்பியாக வேண்டும். குளித்து உடைமாற்றி ஒரு மணிக்கு இறங்கினால் கையில் இருப்பது நான்கு மணி நேரம். அதிலும் அரை மணியைத் தாமதத்துக்கென்று ஒதுக்கி வைப்பவனே நெடுநாள் வேலையில் நீடிப்பான். பாதுகாப்பு ஒத்திகை உள்ள நாட்களிலும், துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலைவிட்டு இறங்கக்கூடாத ஐ.பி.எம். பட்டியலில் நம் பெயர் வரும் நாட்களிலும் அதுவும் இல்லை.

இந்த மூன்றரை மணி நேரத்தை ரோமுக்குப் பொருத்திப் பாருங்கள். சிவிதவெக்கியாவில் கப்பலிலிருந்து துறைமுக வாசலுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொன்று, பிறகு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் ரயில் பயணம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால், ரோமின் டெர்மினி ரயில் நிலைய நடைமேடையில் ஒரு காபி குடிக்கத்தான் நேரம் மிஞ்சும். போதாக்குறைக்கு, என் தடத்தில் சிவிதவெக்கியாவும் பார்சிலோனாவும் பயணிகள் மாறும் துறைமுகங்கள். ஒரே நாளில் பழையவர்கள் இறங்கிப் புதியவர்கள் ஏறும்போது எங்களுக்கு நிமிர நேரம் இருக்காது. எட்டு மாதங்கள் ரோமின் வாசலுக்கு வாராவாரம் போய் வந்தும் கொலோசியத்தை நான் பார்த்ததில்லை.

லிவோர்னோவில் ஒருமுறை துணிந்து பைசாவுக்குப் போனேன். ரயில் இருபது நிமிடங்களுக்குள் சேர்த்துவிட்டது. ஆனால் நிலையத்திலிருந்து சாய்ந்த கோபுரத்துக்கு அரை மணி நடை என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பன்னிரண்டு நிமிடங்கள் கோபுரத்தைப் பார்த்தேன், ஒரு படம் எடுத்தேன், திரும்பி ஓடினேன்.

இதில் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா விதிகளின்படி, மாலுமி அடையாள ஆவணம் வைத்திருந்து, ஊழியர் பட்டியலில் பெயரும் உள்ளவருக்கு, விசா இல்லாமலே கரையிறங்க அனுமதி தரலாம். ஆனால் அது துறைமுக நகராட்சிக்கும் அதை ஒட்டிய நகராட்சிகளுக்கும் மட்டுமே. பைசா லிவோர்னோவை ஒட்டியது. பிளாரன்ஸும் ரோமும் அவ்வாறல்ல. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இல்லாதவர்கள் தூரத்தோடு இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

கிழக்கில் நிலைமை வேறு. மொண்டெனேக்ரோவின் கோட்டோரில் கப்பல் துறையில் கட்டப்படும் நாட்களில், சாலையைக் கடந்தால் பழைய நகரத்தின் கடல் வாயில். ஐந்து நிமிடம். கோட்டைக்கு 1,350 படிகள் என்பார்கள். பாதியில் உள்ள தேவாலயம் வரை ஏறினாலே முழு வளைகுடாவும் கீழே விரிகிறது, அதன் நடுவே நம் கப்பல் ஒரு வெள்ளைச் சோப்புக்கட்டி போல நிற்கிறது. இறங்கி வந்து, பூனைகள் படுத்திருக்கும் சதுக்கத்தில் அமர்ந்து, இந்தியாவில் மாலை ஆறு மணி ஆகும்போது வீட்டுக்குப் பேசிவிட்டுப் பதற்றமில்லாமல் கப்பலேறலாம். கிரீஸின் ரோட்ஸ் தீவில் இறங்கிச் சற்று நடந்தால் பழைய நகரத்தின் மதில் வந்துவிடுகிறது.

மால்டாவின் தலைநகரான வலெட்டாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புனித யோவான் சபையின் வீரர்கள் 1566இல் அடிக்கல் நாட்டிய அந்த நகரம் கப்பலுக்கு மேலேயே எழுந்து நிற்கிறது. கரையோரம் சிறிது நடந்தால், 2012இல் திறக்கப்பட்ட பரக்கா லிஃப்ட் 58 மீட்டர் உயரத்துக்கு நம்மை அரை நிமிடத்தில் தூக்கிவிடுகிறது. மேலே தோட்டம், அதற்குக் கீழ்த்தட்டில் பீரங்கி வரிசை. ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அடைத்த சூடான பஸ்திட்சி பலகாரம் ஒன்றைத் தாளில் வாங்கி, உதிரும் மேலோட்டைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டே தெருக்களில் திரிந்து, மாலை நான்கு மணிக்கு அந்தப் பீரங்கி முழங்கியதும் கீழே இறங்குவது என் வழக்கமாகிவிட்டது. கைக்கடிகாரமே தேவைப்படவில்லை. ஒரு நாள் கதீட்ரலுக்குள் போய், ஓவியர் காரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய யோவானின் சிரச்சேத ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நின்றேன். மேற்கில் அரை மணி நேரம் எதன் முன்பும் நின்றதாக நினைவில்லை.

கிழக்குத் தடத்துக்கும் குறைகள் உண்டு. கிரீஸின் சாந்தோரினி தீவில் கப்பல் கரைக்கு வராமல் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கு ஏற்றிச் செல்லும் டெண்டர் படகில் பயணிகளுக்கே முதலிடம், பிறகு மேலே உள்ள ஊருக்குப் போகக் கேபிள் காருக்கு வரிசை, அல்லது வெயிலில் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் கிரூஷ் துறைமுகத்திலிருந்து பழைய நகரம் மூன்று கிலோமீட்டர். பேருந்து எளிதுதான், ஆனால் மதில் மீது நடப்பதற்கான கட்டணம் எங்கள் ஒரு நாள் ஊதியத்தைக் கடித்துவிடும். பயணிகள் மாறும் துறைமுகம் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் என்பதால் அக்ரோபோலிஸையும் நான் பார்க்கவில்லை. ரோமுக்குச் சொன்ன குறையை ஏதென்ஸுக்குச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

மேற்கிலும் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. நேப்பிள்ஸில் கப்பல் நிலையத்துக்கு எதிரிலேயே காஸ்தெல் நுவோவோ கோட்டை. பத்து நிமிடத்தில் பீட்சா கையில். மற்றொன்று பலேர்மோ. அங்கே ஈழத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். பெல்லெக்ரினோ மலையிலுள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு அவர்களில் சைவர்களும் போய் வருகிறார்கள். துறையிலிருந்து நடக்கும் தொலைவில் ஒரு சிறு கடையில் கறிவேப்பிலையைக் கண்டு நான் நின்றுவிட்டபோது, உள்ளே இருந்த அம்மா, "தம்பி, கப்பலிலயோ வேலை?" என்று கேட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

என் கணக்கு அறைப் பணியாளனின் கணக்கு; சமையலறையிலும் பாரிலும் இருப்பவர்களுக்கு ஓய்வு வேறு நேரங்களில் வரும் என்பதால் அவர்கள் தங்கள் நேரத்தை வைத்தே கூட்டிக்கழிக்க வேண்டும். குளிர்காலத்தில் இந்தக் கடலில் நான் வேலை செய்ததில்லை என்பதால், மேலே சொன்னவற்றைக் கோடைக்கு மட்டுமே பொருத்திக்கொள்ளுங்கள். விருப்பப் படிவத்தில் கிழக்கு என்று எழுதியதோடு நிற்காமல், பலேர்மோ இருக்குமானால் மேற்கும் சம்மதம் என்று ஓரத்தில் சேர்த்திருக்கிறேன்.