ரன்-ஃபிளாட் டயருக்குப் பஞ்சர் ஒட்டலாமா? ஆறு ஆண்டுகளில் நான்கு பஞ்சர்கள்

2019இல் பழைய ஜெர்மன் செடான் ஒன்றை வாங்கினேன். டிக்கியில் ஸ்டெப்னி இல்லை. போட்டிருப்பது ரன்-ஃபிளாட் டயர், அதன் பக்கச்சுவர் தடித்த ரப்பரால் ஆனது, காற்று முழுக்க இறங்கினாலும் வண்டியைத் தாங்கும், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை மீறாமல் 80 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்று விற்றவர் சொன்னார். சொன்னது உண்மைதான். ஆனால் அப்படி ஓட்டிய டயர் அதன் பிறகு என்ன ஆகும் என்பதை நானாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதுவரை நான்கு பஞ்சர்கள். இரண்டு டயர்கள் பிழைத்தன, இரண்டைத் தூக்கிப் போட்டேன்.

முதல் பஞ்சரை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சொந்த கேஜ் வைத்துக் காற்று பார்ப்பது என் வழக்கம். மூன்று சக்கரங்களில் காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ இருந்தது, பின்பக்க வலது சக்கரத்தில் 23. கண்ணால் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் நின்றன. ரன்-ஃபிளாட்டில் இதுதான் பெரிய ஆபத்து. சாதாரண டயர் சப்பையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டாது. பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கும் பையன் காலால் ஒரு தட்டுத் தட்டி "காற்று இருக்கிறது சார்" என்பதை நம்பவே கூடாது.

சர்வீஸ் சென்டரில், ஒட்டவே கூடாது, புதிதாக மாற்றுங்கள், ஜோடியாக மாற்றினால் இன்னும் நல்லது என்றார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் செலவு. மனம் ஒப்பவில்லை. படித்துப் பார்த்தபோது டயர் நிறுவனங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்று தெரிந்தது. சில நிறுவனங்கள் ஒட்டவே வேண்டாம் என்கின்றன. வேறு சில, ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள், தரையில் படும் பட்டையின் நடுப்பகுதியில் இருந்து, காற்றில்லாமல் ஓடாத டயராகவும் இருந்தால் ஒட்டலாம் என்கின்றன. அந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. காற்று போனபின் அந்தச் சக்கரம் சுமக்கும் எடை முழுவதும் பக்கச்சுவரின் மேல் விழுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. உள்ளே இருக்கும் நூலடுக்கு ரப்பரை விட்டுப் பிரியத் தொடங்குகிறது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

திருச்சியில் ஒரு பழைய டயர் கடைக்குப் போனேன். ரன்-ஃபிளாட்டைக் கழற்ற உதவிக் கை பொருத்திய மெஷின் வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பினால் ரிம்மோடு கவ்வும் பீட் கிழிந்துவிடும். அந்தக் கடையில் அந்த மெஷின் இருந்தது. கடைக்காரர் டயரைக் கழற்றி, டார்ச் அடித்து, உட்புறம் முழுவதையும் உள்ளங்கையால் தடவினார். சுருக்கமோ நிறமாற்றமோ இல்லை. அதன் பிறகே வேலையைத் தொடங்கினார். ஓட்டையைச் சுற்றி உள்பக்கத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, காளான் வடிவ பேட்சின் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து, ரோலரால் அழுத்தி, நீட்டிக்கொண்டிருந்த காம்பை நறுக்கினார். பேலன்சிங்கோடு அறுநூறு ரூபாய். அந்த டயர் பட்டை தேயும்வரை 31,000 கிலோமீட்டர் ஓடியது. ஒருமுறைகூடக் காற்று குறையவில்லை.

இரண்டாவது பஞ்சர் ஒரு மழை இரவில், பெரம்பலூர் தாண்டிப் பாடாலூரை நெருங்கும்போது. வண்டியில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். காற்று குறைந்ததைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. லாரிகள் சீறும் நெடுஞ்சாலை ஓரத்தில் அவர்களை இறக்க எனக்கு மனம் வரவில்லை. அறுபதில் பிடித்துத் திருச்சி வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். ஸ்டீயரிங் சற்றுக் கனத்தது, அவ்வளவுதான். மறுநாள் அதே கடை. டயரைக் கழற்றியதும் உள்ளிருந்து டீத்தூள் மாதிரி கறுப்பாக ரப்பர் பொடி கொட்டியது. பக்கச்சுவரின் உட்புறத்தில் சுற்றிலும் ஒரு வளையம் தேய்ந்து சொரசொரவென்று இருந்தது. ஆணி விழுந்த ஓட்டையோ மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.

"இதை நான் ஒட்ட மாட்டேன் தம்பி. நீங்களே கையை விட்டுப் பாருங்கள்" என்றார். விரலில் மை போல ஒட்டியது. இருபத்திரண்டாயிரம் கொடுத்துப் புது டயர் போட்டேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. அன்று இரவு அந்த டயர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

வருந்துவது மூன்றாவதற்குத்தான். திண்டுக்கல் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அவசரம். சாலையோரக் கடையில் டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்தே ஓட்டைக்குள் ரப்பர் திரியை, அதாவது ஸ்ட்ரிப்பை, குத்தச் சம்மதித்தேன். வாரத்துக்கு இரண்டு புள்ளி காற்று இறங்கியது. நான்கு மாதம் அலட்சியமாக விட்டேன். பிறகு திறந்து பார்த்தால், குத்திய வழியே தண்ணீர் இறங்கி, பட்டைக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. பாதி ஆயுள்கூட முடியாத டயர். அவசரத்துக்கு ஸ்ட்ரிப் குத்தினால் அந்த வாரத்திலேயே கழற்றி உள்ளிருந்து பேட்ச் போட்டுவிடுங்கள்.

என் வண்டியில் இருப்பது காற்றழுத்தத்தை நேரடியாக அளக்கும் சென்சார் அல்ல. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறுத்து மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அதை உணர்ந்து எச்சரிக்கிறது. அதனால் தகவல் தாமதமாகத்தான் வரும். நான்கிலும் மெதுவாக ஒரே அளவு குறைந்தால் வராமலே போகலாம். பேட்ச் போட்டுக் காற்று பிடித்தவுடன் இந்த எச்சரிக்கை அமைப்பை ரீசெட் செய்யவும் மறக்கக் கூடாது. ஐநூறு ரூபாய் கேஜை நான் விடாமல் வைத்திருப்பது இதனால்தான். விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடமாக இருந்தால், அங்கேயே நிறுத்தி அளக்கிறேன். 20க்கு மேல் இருந்தால் கையில் இருக்கும் சிறிய கம்ப்ரஸரால் காற்று ஏற்றி, அடுத்த ஊர் வரை ஓட்டுகிறேன். நான்காவது டயர் அப்படித்தான் தப்பியது. அது விராலிமலை அருகே, போன ஆண்டு ஏப்ரலில்.

குழியில் விழுந்தால் வண்டி பலமாகக் குலுங்குவது, விலை, சின்ன ஊர்களில் இந்த அளவு கிடைக்காதது ஆகிய குறைகள் எனக்கும் உண்டு. சாதாரண டயருக்கு மாறிய நண்பர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டெப்னி வைக்க இடமில்லாத வண்டியில், இரவில் குடும்பத்தோடு போகிற எனக்கு இதுதான் சரி. விராலிமலையில் ஆணி குத்திய டயர் இப்போது பின்பக்க இடதில் ஓடுகிறது. பேட்ச் போட்டு 14,000 கிலோமீட்டர் ஆகிறது. இன்று காலை அளந்தேன், 32 இருந்தது.