கிளிப் மூடி டப்பாக்கள்: வண்டுத் தொல்லை போனது, வளையத் தொல்லை வந்தது

நான்கு பக்கமும் கிளிப், மூடிக்கு அடியில் சிலிகான் வளையம். எங்கள் சமையலறை அலமாரியில் அரிசி, மாவு, பயறு எல்லாம் பல வருடங்களாக இந்த வகை பிளாஸ்டிக் டப்பாக்களில்தான் இருக்கின்றன. "அதுல வச்சா வண்டு வராதா? வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட சமயத்தில் மாவு டப்பாவின் வளையம் தளர்ந்துபோய், மாற்று வளையம் தேடித் தேடி எனக்கு எரிச்சல் உச்சத்தில் இருந்தது. கொள்ளளவு, பிளாஸ்டிக் வகை எல்லாம் அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அட்டையில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த டப்பாக்கள் வந்த பிறகு ஒரு பொருளில் கிளம்பிய பூச்சி பக்கத்துப் பொருளுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. அந்துப்பூச்சியின் புழு மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கடித்தே துளை போட்டுவிடும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குட்டிப் புழுவாக இருந்தால், வளையம் இல்லாத திருகு மூடியின் புரி வழியாகவே உள்ளே ஊர்ந்துவிடும். கெட்டியான டப்பாவும் ஒழுங்காக உட்கார்ந்த வளையமும் இருந்தால் இரண்டு வழியும் அடைபடும். இந்த ஒரு வேலையை இந்த டப்பாக்கள் அருமையாகச் செய்கின்றன.

ஆனால் டப்பாவில் போட்டால் வண்டே வராது என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரிசியில் வரும் கூன்வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, அரிசிக்குள்ளேயே வருகிறது. தாய் வண்டு தானியத்தில் சின்னக் குழி தோண்டி, அதில் ஒரு முட்டை இட்டு, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு அந்த மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகத்தான் வெளியே வரும். வெதுவெதுப்பான சமையலறையில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். வாங்கி வந்த அன்று எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட அரிசியை உயர்ந்த டப்பாவில் கொட்டி நான்கு கிளிப்பையும் போட்டால், உள்ளே இருப்பது உள்ளேயே பெருகும், அவ்வளவுதான்.

"காற்றே புகாதே, அப்புறம் எப்படிப் பிழைக்கும்?" என்று அடுத்த கேள்வி வரும். காற்றை அடைத்துப் பூச்சியைக் கொல்லும் முறை உண்மையிலேயே இருக்கிறது. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரூனில் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக மூன்றடுக்குப் பைகளை உருவாக்கினார்கள். உள்ளே இரண்டு பாலித்தீன் உறை, வெளியே நெய்த சாக்கு. உள்ளே அகப்பட்ட வண்டுகள் இருக்கும் ஆக்ஸிஜனைச் சுவாசித்தே தீர்த்துவிட்டு, இரை எடுப்பதை நிறுத்தி, உடம்பில் நீர் வற்றிச் செத்துப்போகின்றன. ஆனால் அந்தப் பையை வாய் வரை நிரப்பிக் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மாதக்கணக்கில் திறக்காமல் வைப்பார்கள். நம் டப்பா பாதி காலியாக இருக்கும். தினமும் ஒரு தடவையாவது திறப்போம், ஒவ்வொரு தடவையும் வண்டுக்குப் புதுக்காற்று கிடைக்கும். அதோடு சிலிகான் ஆக்ஸிஜனை ஓரளவு ஊடுருவ விடுகிற ரப்பர் வகை. வாசனையையும் ஈரத்தையும் பெருமளவு தடுக்கும், பூச்சியை மூச்சுத்திணற வைக்காது.

எனவே வண்டை ஒழித்தது டப்பா இல்லை, ஃப்ரீசர். வாங்கி வந்த பாக்கெட்டை அப்படியே மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை வைத்துவிட்டால் முட்டை, புழு, வண்டு எல்லாம் முடிந்துவிடும். பெரிய பொட்டலமாக இருந்தால் ஒரு வாரமே வைக்கிறேன், நடுப்பகுதி வரை குளிர் இறங்க நேரம் ஆகும். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியபடியே இருக்கட்டும், இல்லையென்றால் குளிர்ந்த தானியத்தின் மேல் நீர் கோத்து, வண்டுக்குப் பதில் பூஞ்சை வரும். இப்படிச் சுத்தமாக்கிய பொருளை மறுபடி கெடாமல் காப்பதற்குத்தான் டப்பா. இந்த வரிசையில் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்து பிரமாதமாக வேலை செய்கின்றன.

இனி அந்த வளையம்.

மூடியின் அடியில் ஒரு பள்ளம், அதற்குள் வளையம். டப்பாவைச் சாய்த்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் மாவு தூசியாகப் பறந்து வளையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளத்தில் படிகிறது. மேலே துடைத்தால் பளிச்சென்று இருக்கும். வளையத்தைக் கழற்றினால்தான் பின்னால் பழுப்பேறிய மாவு வரிசையாக ஒட்டியிருப்பது தெரியும். சிவப்பு மாவு வண்டுக்கு முழுத் தானியத்தைக் கடிக்க வலு கிடையாது. மாவு, தூள், நொறுங்கல் இவைதான் அதற்குத் தீனி. அதன் முட்டை பிசுபிசுப்பாக இருப்பதால் மாவு ஒட்டிக்கொண்டு, எது மாவு எது முட்டை என்றே தெரியாது. மாவைத் தேடி வரும் பூச்சிக்கு, யாரும் எட்டிப் பார்க்காத, மாவு நிறைந்த இடுக்கு ஒன்றை மூடியிலேயே அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சியைத் தடுப்பதற்காகவே விற்கும் பொருளில் இப்படி ஒரு இடம் இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆகவே வளையத்தை அடிக்கடி கழற்ற வேண்டும். நகத்தால் வராது, ஸ்பூன் காம்பால் நெம்ப வேண்டும். கழுவி, பள்ளத்தையும் தேய்த்து, இரண்டையும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி, மறுபடி பொருத்த வேண்டும். சதுர டப்பாவில் இதுதான் சோதனை. மூன்று மூலை உட்காரும், நான்காவது மூலை எழும்பும். அதை அமுக்கினால் முதல் மூலை வெளியே வரும். மோசம் என்னவென்றால், ஒரு மூலை சரியாக உட்காராவிட்டாலும் நான்கு கிளிப்பும் டக் டக்கென்று மூடிக்கொள்கின்றன. மூடிவிட்டோம் என்று நம்பிப் போய்விடுவோம், இடைவெளி அங்கேயே இருக்கும். வட்ட டப்பாவில் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. கொட்டை வகைகள் வைத்த டப்பாவில் எண்ணெய் ஊறி வளையம் கொஞ்சம் பெருத்துவிட்டது, பள்ளத்தில் நிற்காமல் வழுக்குகிறது. மசாலா டப்பாவின் வளையத்தில் ஏறிய வாசனை எந்த சோப்புக்கும் போகவில்லை.

சரி, ரப்பர் என்றால் தேயத்தான் செய்யும். புதிது வாங்கிப் போடலாம் என்று தயாரிப்பாளரைக் கேட்டால், வளையம் தனியாகக் கிடையாதாம். மூடியும் தனியாகக் கிடையாதாம். முழு டப்பாவும் புதிதாக வாங்க வேண்டுமாம். கண்ணாடி மாதிரித் தெளிவான, ஒரு கீறல்கூட இல்லாத டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு ரப்பர் நாடாவுக்காக இன்னொன்று வாங்கச் சொல்கிறார்கள். தேயும் பாகத்தை மட்டும் விற்க மறுப்பது வாடிக்கையாளரை மதிக்காத செயல். இதை எவ்வளவு யோசித்தாலும் கோபம் தணியவில்லை.

இத்தனைக்கும் அந்தத் தெளிவான டப்பா எனக்கு மிகவும் பிடித்த பொருள். வாங்கும்போது எதிர்பார்க்காத ஒரு நன்மை அதில் கிடைத்தது: அடிப்பாகம். டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி அடியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். அரிசியின் அடியில் நைசான வெள்ளைத் தூள் சேர்ந்திருந்தால், வண்டு கண்ணில் படும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். பயறின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பயறு வண்டின் முட்டை. மேற்பரப்பில் பொருள்கள் நூல் கோத்தது போல ஒட்டிக்கொண்டு நின்றால் அந்துப்பூச்சிப் புழு. சில்வர் டப்பாவில் இவை எதுவும் தெரியாது. பார்த்தவுடன் அந்த ஒரு டப்பாவை மட்டும் ஃப்ரீசரில் வைத்தால் கதை முடிந்தது. சமைக்க எடுக்கும்போதெல்லாம் தூக்கிப் பார்ப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

அலமாரியில் வைக்கும் ஒட்டும் பொறியைப் பற்றியும் அந்த நண்பர் கேட்டிருந்தார். அதில் இருப்பது பெண் அந்துப்பூச்சியின் வாசனை, ஆண்கள் மட்டும்தான் வந்து ஒட்டும். பூச்சி இருக்கிறதா என்று அறிய உதவும், ஒழிக்க உதவாது, கூன்வண்டு பக்கத்திலேயே வராது. அந்துப்பூச்சி ஒட்டியிருந்தால் அலமாரிப் பலகை தாங்கும் துளைகளையும் கூரை ஓரத்தையும் பார்க்க வேண்டும், வளர்ந்த புழு கூடு கட்ட அங்கேதான் ஏறும். பிரிஞ்சி இலை போட்டுப் பார்த்தோம், மணிக்குள் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டுப் பொருள் இருக்கும் அலமாரியில் மருந்து அடிப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். அந்துப்பூச்சியை நிறுத்தியது, பூச்சியைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்தது, இத்தனை வருடம் உழைத்தது எல்லாம் உண்மைதான். ஆனால் வளையம் தனியாக விற்காத டப்பாவை இன்று யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பிப் பூட்டு வைத்த வட்டக் கண்ணாடி ஜாடிகளுக்கு ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்கிறது. பள்ளம் இல்லை, உருவினால் கையோடு வந்துவிடும். கனம்தான், தவறினால் உடையும், ஆனாலும் மாவு அதற்கு மாறிவிட்டது. பயறும் அரிசியும் தூசி பறக்காத பொருள்கள் என்பதால் பழைய டப்பாக்களிலேயே இருக்கின்றன. வளையம் போன அந்த மாவு டப்பாவில், ஃப்ரீசருக்குப் போகக் காத்திருக்கும் பிரிக்காத பாக்கெட்டுகளைப் போட்டு வைக்கிறோம்.