கிளாசிக் 350 நெடுநாள் பயன்பாடு: பெண்கள் ஓட்டும்போது இந்த வண்டி எப்படி?

ராயல் என்ஃபீல்டின் ஜே-சீரிஸ் என்ற புது என்ஜின் உள்ள கிளாசிக் 350 வந்தது 2021-ல். எடை 195 கிலோ, சீட் உயரம் 805 மி.மீ., டேங்க் 13 லிட்டர். 6,100 ஆர்பிஎம்மில் 20.2 பிஎச்பி பவர், 4,000-ல் 27 நியூட்டன் மீட்டர் டார்க். இந்த எண்களில் பெண்களுக்குச் சிக்கல் தருபவை முதல் இரண்டுதான். அவையும் வண்டி நிற்கும்போதும், ஆள் நடக்கும் வேகத்தில் உருளும்போதும் மட்டும்தான். முப்பதைத் தாண்டிவிட்டால் 195 கிலோ எங்கே போனது என்றே தெரியாது.

"இவ்ளோ பெரிய வண்டிய இந்தப் பொண்ணு தாங்குமா?" என்ற கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது. ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டு ஜி.எஸ்.டி ரோட்டில் எண்பதில் போகும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. ஓட்டுவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது, சென்டர் ஸ்டாண்ட் போடும்போது, குறுகலான தெருவில் யூ-டர்ன் அடிக்கும்போதுதான் பார்க்கிறார்கள். ஓட்டும் திறமைக்கு அங்கேயே மார்க் போட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று இடங்களுக்கும் தேவை உடல் பலம் இல்லை. வண்டியை நம் உடம்புக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதும், சரியான முறையும்தான். ஐந்தடி முதல் ஐந்தடி மூன்றங்குலம் வரை உயரமும் ஐம்பது கிலோவை ஒட்டிய எடையும் உள்ளவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டில் பல பெண்கள் அந்த அளவுதான்.

சீட்டும் ஷாக்கும்

805 மி.மீ. என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படவேண்டாம். கால் எட்டாமல் போவதற்கு உயரத்தைவிடப் பெரிய காரணம் சீட்டின் முன்பக்க அகலம். தொடை வெளிப்பக்கம் விரிய விரிய, கால் தரைக்கு வரும் தூரம் கூடுகிறது. அதனால் சீட் தைப்பவரிடம் போனால் "உயரத்தைக் குறைங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. டேங்கை ஒட்டிய முன்பகுதியில் இரண்டு ஓரங்களையும் சரித்து வெட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு மேலே 20 மி.மீ. வரை ஃபோம் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் கொஞ்ச தூரத்திலேயே அடித்தகடு வால் எலும்பில் குத்த ஆரம்பிக்கும். ஒரிஜினல் சீட்டில் கை வைக்காமல், வேறொரு சீட் வாங்கி அதை வெட்டுவது நல்லது.

பின் ஷாக்கில் ஆறு படி பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் வசதி இருக்கிறது. தனியாக ஓட்டும் ஐம்பது கிலோ ஆளுக்கு முதல் படியே போதும். நடுப்படியில் விட்டால் லேசான ஆளின் எடைக்கு ஸ்பிரிங் அமுங்காது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பள்ளத்தில் குதிக்கவும் செய்யும். சி-ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே படிக்குக் கொண்டுவர வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் இரண்டு மூன்று படி கூட்டுங்கள்.

வண்டியையே தாழ்த்தும் குட்டை ஷாக் வகையறாக்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 170 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் குறைந்தால் நம்மூர் ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு உரசும். அதைவிட மோசம், சைடு ஸ்டாண்ட் வண்டிக்கு நீளமாகிவிடுவது. வண்டி இடப்பக்கம் போதுமான அளவு சாயாமல் நிமிர்ந்தே நிற்கும், ஒருவர் லேசாக இடித்தால் வலப்பக்கம் விழும். சென்டர் ஸ்டாண்ட் போடுவதும் இரண்டு மடங்கு கஷ்டமாகும். அந்தக் காசுக்கு அடிப்பாகம் தடித்த, கணுக்காலை மூடும் ஒரு பூட் வாங்கலாம். உயரமும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும்.

சிக்னலில் இரண்டு காலையும் ஊன்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இடதுகாலை முழுசாக ஊன்றி, வலதுகாலைப் பின் பிரேக்கில் வைத்து நிற்பதுதான் சரியான பழக்கம். ஆறடி ஆணும் அப்படித்தான் நிற்க வேண்டும். இரண்டு காலையும் நுனிவிரலில் தொங்கவிட்டு நிற்பதுதான் ஆபத்து. ரோட்டில் சின்னக் குழி இருந்தாலே வண்டி சாய்ந்துவிடும்.

கிளட்ச் லீவர்

சின்னக் கைக்கு இந்த வண்டியில் அதிகம் உறுத்துவது லீவர் தூரம்தான். 2024-ல் வந்த புதுப்பித்த மாடலில் மேல்நிலை வேரியண்ட்களுக்கு அட்ஜஸ்ட் செய்யக்கூடிய லீவர் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு வெளியில் வாங்கி மாட்டலாம். விரல் நுனி மட்டும் லீவரில் படுகிறது என்றால் கிளட்சை அரைப்பிடியில் நிதானமாக விட முடியாது. வண்டி குலுங்கி ஆஃப் ஆகும், பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிப்பார். ஓட்டத் தெரியவில்லை என்று பெயர் வாங்கும் பாதி நேரம் காரணம் இந்த ஒரு செ.மீ. தூரம்தான்.

லீவர் மாற்றும் முன் காசில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். சீட்டில் இயல்பாக உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்கோடாக வரவேண்டும். லீவரில் 2 முதல் 3 மி.மீ. ஃப்ரீ ப்ளே, அதாவது கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா அசையும் இடம், இருக்கட்டும். கிளட்ச் திடீரென்று கனமாகிவிட்டது என்றால் கை பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். கேபிள் காய்ந்திருக்கும், அல்லது ஹேண்டில் பக்கம் உள்ளே ஓர் இழை பிரிந்திருக்கும். எண்ணெய் விட்டும் சரியாகவில்லையென்றால் கேபிளை மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை.

சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது லீவர் கோணம், கண்ணாடி, பிரீலோட் மூன்றையும் பாருங்கள். டெஸ்ட் ரைடு போன மெக்கானிக் தன் உயரத்துக்கு மாற்றிவைத்திருப்பார். அப்படியே எடுத்து முதல் சிக்னலில் தடுமாறினால் அந்தப் பெயரும் நமக்குத்தான் வரும். கூட ஓர் ஆண் வந்திருந்தால் வண்டி யாருடையது என்று கேட்காமலே மெக்கானிக் அவரிடம்தான் பேசுவார். இதற்கு வாதாடுவதைவிட, குறையைத் துல்லியமாகச் சொல்லி, செய்யவேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுத வைப்பது வேலை செய்கிறது. "சத்தம் வருது" என்றால் "வண்டியே அப்படித்தாம்மா" என்பார்கள். "மூணாவது கியர்ல அம்பதுல போய் ஆக்ஸிலரேட்டரை விட்டா செயின் பக்கம் டக் டக்குன்னு வருது, நியூட்ரல்ல வரல" என்றால் குனிந்து பார்ப்பார்கள்.

நிற்கும் வண்டி

சென்டர் ஸ்டாண்ட் போடத் தூக்கக் கூடாது, மிதிக்க வேண்டும். வண்டிக்கு இடப்பக்கம் நின்று, இடக்கையால் ஹேண்டிலையும் வலக்கையால் சீட்டுக்குக் கீழே உள்ள பிடியையும் பிடியுங்கள். வலதுகாலால் ஸ்டாண்டை மெதுவாக இறக்கி வண்டியை நிமிர்த்துங்கள். ஸ்டாண்டின் இரண்டு பாதங்களும் தரையைத் தொடும்போது சின்னதாக ஓர் இடி கையில் தெரியும். அது தெரிந்தபிறகுதான் மிதிக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக வைத்து, முழு உடம்பு எடையையும் அந்தக் குதிகாலில் ஏற்றுங்கள். வலக்கை வழிகாட்டினால் போதும். வண்டி தானாகப் பின்னோக்கி ஏறும். ஐம்பது கிலோ எடைக்கு இது தாராளமாக ஏறும். ஏறவில்லை என்றால் ஒரு பாதம் மட்டும் தரையில் பட்டிருக்கும், அல்லது தரை பின்பக்கம் மேடாக இருக்கும்.

உதவிக்கு ஓடிவருபவர் பெரும்பாலும் ஹேண்டிலைத்தான் பிடிப்பார். அது வேண்டாம். ஹேண்டில் இரண்டு பேர் கையில் இருந்தால் யார் பேலன்ஸ் செய்வது என்றே தெரியாமல் வண்டி சாயும். "அண்ணா, பின்னாடி கம்பிய மட்டும் புடிங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வண்டியைச் சுவரைப் பார்த்தோ, இறக்கத்தில் மூக்கைக் கீழே வைத்தோ நிறுத்தாதீர்கள். வெளியே எடுக்கும்போது 195 கிலோவை மேட்டில் பின்னோக்கித் தள்ளுவது ஆண்களுக்கும் கஷ்டம். அவர்கள் திணறினால் வண்டி கனம் என்பார்கள், நாம் திணறினால் பெண்ணால் முடியாது என்பார்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலும் தள்ளுவது இரட்டிப்புக் கனமாகும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

யூ-டர்னில் வண்டி விழுவதற்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்: ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. முன்னால் 300 மி.மீ. டிஸ்க். நடை வேகத்தில் சட்டென்று பிடித்தால் முன்பக்கம் அமுங்கி, திரும்பிய பக்கமே வண்டி உட்காரும். முதல் கியர், கிளட்ச் அரைப்பிடி, லேசாகப் பின் பிரேக், பார்வை வெளியேறும் இடத்தில். கால் இரண்டும் ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும். காலிப் பார்க்கிங்கில் இரண்டு செருப்பை வைத்து எட்டு போட்டுப் பழகினால், சில ஞாயிற்றுக்கிழமைகளில் கைவந்துவிடும்.

விழுந்துவிட்டால் முதலில் கில் ஸ்விட்சை அழுத்தி என்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள், கியரில் போட முடிந்தால் போடுங்கள். ஹேண்டிலை விழுந்த பக்கமே முழுசாகத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியில், மறுகை பின் கம்பியில். இடுப்பைச் சீட்டில் அழுத்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது, சுடும். என்ஜின் கார்டு மாட்டிய வண்டி முழுசாகப் படுக்காமல் சாய்வாகவே நிற்கும் என்பதால் தூக்குவது பாதி வேலைதான். இந்த வண்டிக்கு நாங்கள் முதலில் வாங்கச் சொல்லும் ஆக்சஸரி அதுதான்.

ஜே-சீரிஸில் சைடு ஸ்டாண்ட் இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் என்ஜின் ஆஃப் ஆகும். விவரம் தெரியாதவர் ஓட்டுபவரைக் குறை சொல்வார்; நீங்கள் ஸ்டாண்டைப் பாருங்கள்.

கிக்கர் பற்றி

ஜே-சீரிஸில் கிக்கரே கிடையாது. ஆனால் பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின் புல்லட்தான் பெண்களுக்கு முடியாது என்ற பேச்சுக்கு மூலம் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. பலத்தை வைத்து உதைத்தால் அந்த வண்டி பயில்வானின் காலையும் திருப்பி அடிக்கும். ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக இறக்கி, முள் நடுவுக்கு வந்ததும் சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷன் லீவரை இழுத்து, கிக்கரைக் கொஞ்சம் மட்டும் நகர்த்தி பிஸ்டனை உச்சம் தாண்டவைத்து, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே நீள உதை. இதில் இருப்பது காதும் கண்ணும் பொறுமையும்தான். எல்லைப் பாதுகாப்புப் படையின் சீமா பவானி பெண்கள் அணி 2018 குடியரசு தின அணிவகுப்பில் சாகசம் செய்ததும் 350 சிசி புல்லட்டில்தான். அதற்கடுத்த வருடம் பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே எஃப்.ஐ.எம். (சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு) நடத்தும் பாஹா என்ற கரடுமுரடான பாதைப் பந்தய உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவுப் பட்டத்தை வென்றார். முடியுமா என்று கேட்கும் காலம் முடிந்துவிட்டது.

உரிமம்

இதைக் கட்டாயம் சரிபாருங்கள். ஸ்கூட்டரில் பழகி எட்டு போட்ட பலரின் லைசென்ஸில் கியர் இல்லாத வண்டிக்கான எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி என்ற வகைதான் இருக்கும். அதை வைத்துக் கிளாசிக் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் கியர் வண்டிக்கான எம்.சி.டபிள்யூ.ஜி வகையைச் சேர்க்க விண்ணப்பித்து, எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் கழித்துக் கியர் வண்டியில் டெஸ்ட் கொடுக்க வேண்டும்.

பெண் என்றால் ஸ்கூட்டர் என்று டிரைவிங் ஸ்கூல்கள் மட்டும் நினைக்கவில்லை. 2018-ல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் குறைந்ததை மானியமாகக் கொடுத்தது. பல வீடுகளில் அது பெரிய மாற்றம். ஆனால் அந்த மானியம் கியர் இல்லாத, 125 சிசிக்கு மிகாத வண்டிகளுக்குத்தான். மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியை மூடும் தடுப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. நம்மூரில் சேலை கார்டு என்பது அதுதான். ஓட்டும் பெண்ணுக்கும் அது தேவை, கழற்றாதீர்கள். துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். கார்டு எல்லாப் பக்கமும் மூடாது.

ஓடும் வண்டி

இங்கே குறை சொல்ல அதிகம் இல்லை. கீழ் ஆர்பிஎம்மிலேயே டார்க் கிடைப்பதால் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பெரும்பாலும் இரண்டாவது கியரே போதும். இறங்கும்போதும் அதே கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, என்ஜினே வேகத்தைக் குறைக்கும் என்ஜின் பிரேக்கிங்கை நம்புங்கள். வளைவில் வண்டியைத் திருப்பக் கை பலம் வேண்டாம்: வலப்பக்கம் போக வலது பிடியை லேசாக முன்னே தள்ளினால் வண்டி தானே சாயும். மைலேஜ் லிட்டருக்கு சுமார் 35. எண்பதைத் தாண்டினால் என்ஜின் விருப்பமில்லாமல் ஓடுவது தெரியும்.

பெண் என்று தெரிந்ததும் ஒட்டி வந்து முந்துபவர்கள், பின்னாலேயே வருபவர்கள் உண்டு. லேனின் ஓரத்துக்கு ஒதுங்காதீர்கள். ஒதுங்கினால் அதே லேனில் நுழைவார்கள். நடுவில் நிலையாகப் போய், வேகத்தைச் சீராகக் குறைத்து முன்னே விட்டுவிடுங்கள். விடாமல் வந்தால் பெட்ரோல் பங்க்கில் நிறுத்துங்கள்.

கிளாசிக் உயரம் இன்னும் தயக்கமாக இருந்தால், இதே என்ஜின் உள்ள மீட்டியார் 350-ன் சீட் 765 மி.மீ.தான், எடை 191 கிலோ, ஆனால் வண்டி நீளம், யூ-டர்னுக்கு இடம் அதிகம் கேட்கும். ஹண்டர் 350 181 கிலோ, 790 மி.மீ.; ஊருக்குள் ஓட்ட மூன்றில் எங்கள் தேர்வு அதுவே. டெஸ்ட் ரைடுக்கு தினமும் போடும் ஷூவோடு போங்கள். நேர் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ஷோரூம் வாசலிலேயே யூ-டர்ன் அடித்து, ரிவர்ஸ் தள்ளி, சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பாருங்கள். டெஸ்ட் வண்டியின் டேங்க் காலியாக இருந்தால், நிறைத்த பிறகு வண்டியின் மேல்பாகத்தில் பத்து கிலோ வரை கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.