தாத்தாவின் ரியல் ஆடியோ கோப்புகள்: 6 வருட அனுபவம்

தாத்தா பாடிய காவடிச் சிந்தும் திருப்புகழும் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சிடியில், அதுவும் ஆர்எம் (.rm) கோப்புகளாகத்தான் இருந்தன. ஒலியை வெகுவாகச் சுருக்கி வைக்கும் ரியல் ஆடியோ என்ற பழைய வடிவம் அது. 2001, 2002 வாக்கில் மொரீஷியஸில் காத்ர் போர்ன் ஊர் வீட்டில் மாமா கணினியில் மைக்கைச் சொருகிப் பதிவு செய்தவை. அப்போது ஹார்ட் டிஸ்கில் இடம் குறைவு. ரியல் ஆடியோவில் 20 கேபிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரப் பாட்டு 9 எம்பியில் முடிந்துவிடும், சுருக்காத வேவ் என்றால் 150 எம்பியைத் தாண்டும். அதனால் மாமாவைக் குறை சொல்ல மாட்டேன்.

2019 தைப்பூச விரதத்தில்தான் சிடியைத் தேடி எடுத்தேன். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல். பிள்ளைகள் காவடிப் பாட்டைத் தாத்தா குரலில், அவர் 'ழ' சொல்கிறபடியே கேட்டுப் பழகட்டும் என்று ஆசை. புதுக் கணினியில் எதுவும் திறக்கவில்லை. பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றிப் பார்த்தேன், வால் மாறினால் உள்ளே இருப்பது மாறுமா? இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் ஒரு தளம் பாதிப் பாட்டோடு நிறுத்திவிட்டது. வீட்டுக் குரலை முகம் தெரியாத இடத்துக்கு அனுப்பியதும் எனக்குப் பிடிக்கவில்லை, இனி செய்ய மாட்டேன்.

விஎல்சி என்ற இலவச பிளேயரில் போட்டதும் பாடியது. தனியாக வேறெதுவும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. கேட்க மட்டும் வேண்டுமென்றால் இது போதும்.

ஆனால் ஒரு கோப்பு மட்டும் படுத்தியது. 2002 ஜனவரியில் டினா புயல் வந்த சமயம், பதிவு ஓடும்போதே கரண்ட் போய்விட்டதாம். எந்த நிமிடம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ஆர்எம் கடைசியில்தான் எழுதும், இதில் அது எழுதப்படவே இல்லை. முதலிலிருந்து ஓடும், நடுவில் ஒரு பாட்டுக்குத் தாவ முடியாது. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற, கட்டளை தட்டிக் கோப்புகளை மாற்றும் இலவச நிரலைக் கொண்டு வேவ் ஆக்கியதும் சரியாகிவிட்டது, 22 நிமிடமும் கிடைத்தது. கடைசி அடி பாதியில் நிற்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதா என்று பயப்பட வேண்டாம், உள்ளே போகும் கோப்பின் பெயர், வெளியே வரும் கோப்பின் பெயர், அவ்வளவுதான். மோடம் காலத்து 14.4, 28.8 ஆர்ஏ (.ra) கோப்புகளையும், அதாவது ரியல் ஆடியோவின் இன்னும் பழைய வகைகளையும், அது படிக்கும்.

எம்பி3 ஆக மாற்றிச் சேமிக்காதீர்கள். ஏற்கெனவே சுருக்கிய ஒலியை இன்னொரு முறை சுருக்கினால் மிச்சமிருப்பதும் போகும். நான் தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) வடிவில் வைத்திருக்கிறேன், அதனால் ஒலியின் தரம் கூடிவிடாது, குறையாமல் இருக்கும். இரைச்சலை நீக்கப் பார்த்தேன், தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போன்ற அந்த ஒலி போகவில்லை, மெல்லிய எழுத்துகள்தான் தேய்ந்தன. அப்படியே விட்டுவிட்டேன். பழைய ஆர்எம் கோப்புகளையும் அழிக்கவில்லை, இரண்டு டிஸ்கில் இருக்கின்றன.

சிடியில் ராம் (.ram) என்று முடியும் கோப்புகள் மூன்றும் இருந்தன. அவற்றை எதிலும் மாற்ற முடியாது, ஏனென்றால் உள்ளே ஒலியே கிடையாது. நோட்பேடில் திறந்தால் ஒரு வரி முகவரி, மாமா அந்தக் காலத்தில் ஏற்றிவைத்த ஒரு இலவசத் தளத்தினுடையது. அந்தத் தளம் மூடி வெகுநாள் ஆகிறது. கோப்பின் பெயரை வைத்து மூன்றும் என்ன பாட்டு என்று அத்தை சொன்னார், ஒன்றை முழுதாகப் பாடியும் காட்டினார். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து அதே ஃபோல்டரில் போட்டிருக்கிறேன்.