ஹைப்ரிட் பேட்டரி சோர்ந்தால்: ஒரு மாட்யூலா, முழுப் பேக்கா?

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது வரும் தொப்பூர் இறக்கம், ஹைப்ரிட் காருக்கு நல்ல பரீட்சை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மின்சாரம் பேட்டரிக்குள் ஏறும். என் பழைய செடானில் போன வருஷம் பாதி இறக்கத்திலேயே டாஷ்போர்டில் பேட்டரி அளவைக் காட்டும் கட்டங்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. கீழே சமதளத்துக்கு வந்து கொஞ்ச தூரம் போவதற்குள் மளமளவென்று வடிந்தும் போயின. சத்து குறைந்த பேட்டரி அப்படித்தான், சீக்கிரம் நிறையும், சீக்கிரம் தீரும்.

செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கிருஷ்ணகிரி மெக்கானிக் பின்சீட்டு ஓரத்துக் கிரில்லைக் கழற்றினார். பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறிக்குக் காற்று போகும் வழி அது. உள்ளே கம்பளி மாதிரி தூசி. மாம்பழ சீசனில் பெட்டிகளைப் பின்சீட்டில் அடுக்கி, அந்த வழியையும் நாங்களே அடைத்திருக்கிறோம். நம் ஊர் வெயிலில் இது பேட்டரியை வேகவைக்கும். சுத்தம் செய்ததும் விசிறி இரைச்சல் அடங்கியது, ஆனால் கட்டங்களின் ஆட்டம் நிற்கவில்லை.

அப்புறம்தான் ஒரு மாட்யூலா, முழுப் பேக்கா என்ற கேள்வி வந்தது. என் காரில் இருக்கிற மாதிரியான நிக்கல் பேட்டரி பேக் என்பது மாட்யூல் எனப்படும் பல சிறு பேட்டரிகளின் தொடர். இரண்டாம், மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரில் 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6. சும்மா அளந்தால் எல்லாம் ஒரே அளவைக் காட்டும். ஒவ்வொன்றிலும் ஹெட்லைட் பல்பை மாட்டி இரண்டு நிமிஷம் எரியவிட்டால் சொத்தை மாட்யூலின் வோல்ட் மட்டும் சரிவது தெரியும். என் காரில் இரண்டு சரிந்தன.

"அண்ணா, இந்த ரெண்டை மட்டும் மாத்தினா ஓடும். அடுத்தது எப்போ போகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

மாட்யூல் மாற்றுவதில் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் இளங்காளையையும் கிழட்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டின கதைதான். தொடரில் பலவீனமானது முதலில் தீர்ந்து சூடாகும், மற்றவையும் அதே வயசு. ஒரேயொரு மாட்யூல் மட்டும் கெட்டு, மற்றவை பல்பு சோதனையில் ஒத்துப்போனால் இதைச் செய்யலாம். 'ரீகண்டிஷன்' பேக் என்று விற்பதும் பெரும்பாலும் பழைய மாட்யூல்களைப் பொறுக்கிச் சேர்த்ததுதான். மாட்யூல் வாரியாக அளந்த சீட்டைக் காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

புதுப் பேக் விலை லட்சங்களில் போகும், மனசு கனக்கத்தான் செய்யும். காரை இன்னும் ஐந்தாறு வருஷம் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி என்பேன். நானும் அதைத்தான் செய்தேன். அதற்கு முன் வாரண்டியைப் பாருங்கள். டொயோட்டா இந்தியாவில் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகிறது. என் கார் அந்த வயசைத் தாண்டியிருந்தது.

எதைச் செய்தாலும் ஆரஞ்சு நிற வயரை வீட்டில் தொடாதீர்கள். 200 வோல்ட் உயிரை வாங்கிவிடும்.

இப்போது மாம்பழப் பெட்டிகள் டிக்கியில்தான் போகின்றன.